வேறொரு நாட்டுக்காகச் செய்த கார்

ஒரு நாட்டின் சாலைக்கும் பெட்ரோலுக்கும் சட்டத்துக்கும் ஏற்பச் செய்த காரை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டுபவருக்கு, மற்ற கார்க்காரர்களுக்கு இல்லாத ஒரு பொறுப்பு வந்து சேர்கிறது. செய்த நிறுவனம் அந்த மாடலை அவர் ஊரில் விற்கவே இல்லை. அதனால் டீலர் கிடையாது. ஜப்பானிலிருந்து வந்த கார் என்றால் சர்வீஸ் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும். மெக்கானிக் அந்த இன்ஜினை முன்பின் பார்த்திருக்க மாட்டார். உதிரி பாகம் கடையில் இருக்காது. இவர்கள் எல்லாரும் பார்க்க வேண்டிய வேலையைச் சொந்தக்காரரே பார்த்தாக வேண்டும். அதை மனமுவந்து ஏற்பவரைத்தான் நான் உண்மையான இம்போர்ட் கார் பிரியர் என்பேன். கார் என்ன விலை, எத்தனை குதிரைத்திறன், பின்னால் எவ்வளவு பெரிய விங் என்பதெல்லாம் இதில் சேராது.

என்னிடம் இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் முதல் தலைமுறை. ஜப்பானில் இதை யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றார்கள். 1989-இல் வந்த வண்டி. 1.6 லிட்டர் இன்ஜின், 120 குதிரைத்திறன், எடை 940 கிலோ. இன்றைக்கு ஒரு சாதாரணக் குடும்பக் கார்கூட இதை முந்திவிடும். ஆனால் தோஷிஹிகோ ஹிராய் தலைமையிலான குழு இதை எப்படி யோசித்திருக்கிறது என்று அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும். இன்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். எடை முன்னும் பின்னும் சமமாக வர வேண்டும் என்று பேட்டரியை டிக்கியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்றால் இணைத்திருக்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்த உடனே பின்சக்கரம் பதில் சொல்வதற்குக் காரணம் அந்தச் சட்டம்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் ஓட்டும் விதமே மாறியது.

சரி, முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தக் கார் எந்த ஊருக்காகச் செய்யப்பட்டதோ அந்த ஊரை. இது வெறும் ஆர்வத்துக்காகச் சொல்வதல்ல. இன்ஜின் பிழைப்பதே இதில் அடங்கியிருக்கிறது.

பெட்ரோல் நேரம் தவறி வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஆக்டேன் எண். ஜப்பானில் ஹை-ஆக்டேன் பெட்ரோல் பெரும்பாலும் 100 ஆக்டேன் அளவில் கிடைக்கும். 1990-களின் டர்போ கார்கள் பலவற்றின் ஈசியூவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை, அந்தப் பெட்ரோலை மனதில் வைத்தே அமைத்திருக்கிறார்கள். நண்பர் ஒருவர் ஜப்பானிலிருந்து சுபாரு இம்ப்ரெசா டர்போ எடுத்தார். மேட்டில் மூன்றாவது கியரில் ஏறும்போது இன்ஜினிலிருந்து லேசாகக் கற்கள் உருளுவதுபோல ஒரு சத்தம். எக்ஸாஸ்ட் சத்தத்தில் அது எளிதில் அமுங்கிவிடும், காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும். பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பதன் சத்தம் அது. விட்டுவிட்டால் பிஸ்டன் உடைந்துபோகும். அவர் ஊர் பங்கில் கிடைப்பதில் உயர்ந்த தரத்தைப் போட்டு, அந்தப் பெட்ரோலுக்கு ஏற்ப ஈசியூவைத் திருத்தி, டர்போவின் காற்றழுத்தமான பூஸ்ட்டைத் தொடாமல் விட்டார். சத்தம் நின்றது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அமெரிக்கப் பங்குகளில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண் வேறு முறையில் கணக்கிடுவது. அங்கே 91 என்று இருப்பது ஜப்பானிய முறையில் ஏறத்தாழ 95, 96-க்குச் சமம். எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் கூடாது, தைரியப்படவும் கூடாது.

இதேபோல்தான் 280 குதிரைத்திறன் கதையும். 1989 வாக்கில் தொடங்கி 2004 வரை, அதற்கு மேல் காட்டுவதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், டொயோட்டா சுப்ரா என்று வேறு வேறு கார்களின் விவரக் குறிப்பில் ஒரே எண் இருப்பது அதனால்தான். ஸ்கைலைனின் ஆர்32 என்ற தலைமுறையில் வந்த ஜிடி-ஆரின் 2.6 லிட்டர் இன்ஜினைப் பந்தயத்தையும் கணக்கில் வைத்துச் செய்தார்கள். 1991-லும் 1992-லும் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தை அந்தக் கார் வென்றது. காகிதத்தில் உள்ள எண்ணை வைத்து இரண்டு கார்களை ஒப்பிட்டுச் சண்டை போடுபவர்களுக்கு இந்த வரலாறு தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

சின்ன விஷயங்களும் உண்டு. ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குவதால், பழைய காரின் ரேடியோ மற்ற நாடுகளின் நிலையங்கள் பலவற்றைப் பிடிக்காது. ரேடியோ கெட்டுவிட்டது என்று கழற்றி எறிய வேண்டாம். இதில் ஹெட்லைட்தான் முக்கியம். இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான விளக்கு, ஒளியை இடது ஓரத்தில் கொஞ்சம் உயர்த்திப் பாய்ச்சும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் அது எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பாகம் மாற்றச் செலவாகும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இருந்தும் அதை முதல் வாரத்திலேயே செய்பவரை நான் மதிக்கிறேன்.

வாங்கும் இடத்துக்கு வருவோம். ஜப்பானிய ஏலத்தில் விற்கும் ஒவ்வொரு காருக்கும் ஒரு பரிசோதனைத் தாள் உண்டு. பலர் அதன் மூலையில் உள்ள மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறார்கள். 4 அல்லது 4.5 என்றால் நல்லது, ஆர் என்று போட்டிருந்தால் விபத்துக் கார், வேண்டாம். இவ்வளவுதான் அவர்கள் படிப்பது. நான் அதற்குப் பக்கத்தில் இருக்கும் கார் படத்தில்தான் அதிக நேரம் செலவிடுவேன். ஏ என்றால் கீறல், யு என்றால் நசுங்கல், எஸ் என்றால் துரு, சி என்றால் அரிப்பு, டபிள்யூ என்றால் டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த இடம். பக்கத்தில் 1, 2, 3 என்று இருப்பது அதன் அளவு. எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகத்தையே மாற்றியிருக்கிறார்கள். பின்சக்கரத்துக்கு மேலே டபிள்யூ3 இருந்தால், உள்ளே எவ்வளவு பட்டி அப்பியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் நான் நகர மாட்டேன்.

அப்புறம், பரிசோதகர் கையால் எழுதிய குறிப்பு. அதைக் கட்டாயம் மொழிபெயர்த்து வாங்குங்கள். 'அடிப்பகுதியில் துரு' என்ற ஒரு வரி, மேலே உள்ள அழகான மதிப்பெண்ணைவிடக் கனமானது. பனி விழும் வட பகுதிகளில் சாலையில் உப்பைத் தூவுவார்கள். ஹொக்கைடோ, அவோமோரி, நீகாதா பக்கம் ஓடிய கார் மேலே பளபளவென்று இருக்கும், லிஃப்ட்டில் தூக்கினால் வேறு கதை. ஏலப் படத்தில் நம்பர் பிளேட் தெரிந்தால் அதில் எந்தப் பகுதியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ரேடியேட்டர் தாங்கியை மாற்றியதற்காக ஆர் வாங்கிய காரையும், உப்புச் சாலையில் ஓடி 4 வாங்கிய காரையும் என் முன்னால் நிறுத்தினால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். மாற்றிய பாகத்தை மறுபடி மாற்றலாம். உள்ளுக்குள் தின்ற துருவுக்கு மருந்தே இல்லை.

ரோட்ஸ்டரில் துரு தொடங்கும் இடம் எனக்கு நன்றாகத் தெரியும். மடக்கும் துணிக் கூரைக்குக் கீழே, இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மழைநீர் வடிய ஒரு குழாய் இருக்கிறது. அதில் இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பாடிக்குள் தேங்கும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும் நேரத்தில் உள்ளே பாதி போயிருக்கும். யார் இந்தக் காரை வாங்கப் போனாலும் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு டம்ளர் தண்ணீரை மேலே மெதுவாக ஊற்றி, பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். விற்பவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

சேசிஸ் எண்ணையும் படிக்கத் தெரிய வேண்டும். அந்தக் காலத்து ஜப்பானிய உள்நாட்டுக் கார்களில் 17 இலக்க எண் இருக்காது. இன்ஜின் அறையில் உள்ள தகட்டில் மாடல் குறியும் ஒரு தொடர் எண்ணும் இருக்கும். ஆர்32 ஜிடி-ஆர் என்றால் குறி பிஎன்ஆர்32 என்று தொடங்க வேண்டும். எச்சிஆர்32 என்றால் அது வேறு ஸ்கைலைன், மேலே ஜிடி-ஆர் பாகங்களை மாட்டியிருக்கிறார்கள். டொயோட்டாவின் 1.5 லிட்டர் ஏஇ85-ஐ, அதைவிடப் பெயர் பெற்ற ஏஇ86 ஆக்கி விற்பதும் இப்படித்தான். மாற்றிக் கட்டுவதில் எனக்கு மறுப்பே இல்லை. நன்றாகக் கட்டிய ஏஇ85 ஒரு அருமையான வண்டி. இருப்பதை இருப்பதாகச் சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான். வயது விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டுத் தரத்துக்குச் செய்யப்படாத காரை இறக்க அமெரிக்காவில் 25 வருடம், கனடாவில் 15 வருடம் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்காவில் அது தயாரித்த மாதத்திலிருந்து கணக்கு, ஜப்பானில் முதலில் பதிவு செய்த தேதியிலிருந்து அல்ல.

கார் கைக்கு வந்துவிட்டது. இப்போதுதான் பெரும்பாலானோர் தடம் மாறுகிறார்கள். அண்மையில் ஒரு தம்பி தன் காரைக் காட்ட வந்திருந்தார்.

"அண்ணே, முதல்ல டர்போ போட்டுடலாமா?"

"டயர்ல என்ன தேதி இருக்குன்னு பார்த்தியா தம்பி?"

பார்த்தோம். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். அவர் டயரில் பட்டன் முழுசாக இருந்தது, ரப்பர் மட்டும் பத்து வருடத்தைத் தாண்டிக் கல்லாகியிருந்தது. ஏலத்துக்கு வந்த கார்களில் இது சகஜம். குறைவாக ஓடிய கார் என்று நாம் மகிழ்ந்து வாங்குவதில் ரப்பர் அத்தனையும் ஓடாமலேயே கெட்டிருக்கும்.

அதனால் முதல் செலவு எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத்தான் போக வேண்டும். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அனைத்தையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ரேடியேட்டரின் மேல் பகுதி பிளாஸ்டிக் என்றால் அதன் நிறத்தைப் பாருங்கள். கறுப்பாக இருந்தது பழுப்பேறியிருந்தால் அது எப்போது வேண்டுமானாலும் பிளக்கும். டைமிங் பெல்ட்டுக்கு ஜப்பானில் 1,00,000 கிமீ என்று கணக்கு. மாற்றியிருந்தால் இன்ஜின் அறையில் தேதியும் கிலோமீட்டரும் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றுங்கள். என் ரோட்ஸ்டரின் இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளாது. ஹோண்டாவின் பி16ஏ, நிஸானின் ஆர்பி26 போன்றவற்றில் மோதும், இன்ஜினின் தலைப்பகுதி முழுக்கப் போய்விடும். உங்கள் இன்ஜின் இதில் எந்த வகை என்பதை வாங்கிய அன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு குணம் உண்டு. மாஸ்டா ஆர்எக்ஸ்-7-இன் ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர் சுழல்வது) ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும்படியே செய்யப்பட்டது. உள்ளே உரசும் சீல்களுக்கு எண்ணெய் வேண்டும் என்பதற்காக ஒரு சிறிய பம்ப் அதை உள்ளே செலுத்துகிறது. அடிக்கடி டிப்ஸ்டிக் பார்ப்பது அதன் சொந்தக்காரருக்கு வழக்கமாக வேண்டும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டு உடனே அணைத்தால் அடுத்த முறை பெட்ரோல் தேங்கி ஸ்டார்ட் ஆகாது. கம்ப்ரஷன் பார்க்கவும் சாதாரண மீட்டர் போதாது. ஒரு ரோட்டருக்கு மூன்று அளவு காட்டும் தனி மீட்டர் வேண்டும். இதையெல்லாம் அறியாத மெக்கானிக், நல்ல இன்ஜினைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் சொல்லிவிடுவார். அவர்மேல் தவறில்லை. தெரிந்துகொண்டு போய் அவரிடம் சொல்ல வேண்டியது நம் வேலை. என் 1.6 இன்ஜின் காலையில் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் 'டிக் டிக்' என்று தட்டும். வால்வு லிஃப்டர்களில் ஆயில் நிறையும் வரை வரும் சத்தம் அது. நேரத்துக்கு ஆயில் மாற்றினால் குறையும். இதற்காக இன்ஜினைப் பிரிக்கச் சொன்னவர்களும் உண்டு.

கருவிப் பெட்டியில் ஒரு மாற்றம் அவசியம். ஜப்பானிய கார்களின் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரத்தில் வந்தது. பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக உட்காராது. முப்பது வருடமாக இறுகிக் கிடக்கும் ஸ்க்ரூவில் அதை வைத்துத் திருகினால் தலை வழுக்கி மொட்டையாகிவிடும். ஒரு ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் செட் வாங்கி வைத்தால் ஆயுசுக்கும் உதவும். ஸ்பேனரில் 10, 12, 14 மிமீ இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். 8 மிமீ போல்ட்டுக்கு ஐரோப்பியக் காரில் 13 ஸ்பேனர் தேவைப்படும், ஜப்பானியக் காரில் அதற்கு 12 போதும்.

உதிரி பாகம் தேடுவதில் பெரிய ரகசியம் பாக எண்தான். டொயோட்டாவில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். ஹோண்டாவில் நடுவில் வரும் மூன்று எழுத்துகள் முதலில் எந்த மாடலுக்காகச் செய்தார்கள் என்பதைக் காட்டும். இதைப் படிக்கப் பழகினால், உங்கள் அபூர்வக் காரின் பாகம் ஊரில் ஓடும் ஒரு சாதாரணக் காரிலேயே இருப்பது தெரியவரும். ரோட்ஸ்டரின் இன்ஜின் மாஸ்டா 323-இன் குடும்பத்தைச் சேர்ந்தது. கேஸ்கெட், சென்சார் என்று எத்தனையோ பொருள் அந்த வழியாக எனக்குக் கிடைத்திருக்கிறது. காரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் "இல்லை சார்" என்ற கடைக்காரர், எண்ணைக் காட்டினால் உள்ளே போய் எடுத்துவருவார்.

மாடிஃபிகேஷனுக்கு நான் எதிரி இல்லை. இந்தக் கார்கள் வளர்ந்ததே அந்தப் பழக்கத்தில்தான். என் வரிசை இது: முதலில் டயர், பிரேக் பேடு, பிறகு சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ், ஷாக் அப்ஸார்பர், வீல் அலைன்மென்ட். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பவர். என் காரில் தேய்ந்த புஷ்களை எடுத்துவிட்டு அதே கம்பெனி புஷ்களைப் புதிதாகப் போட்டபோது கிடைத்த வித்தியாசம் வேறு எந்த மாற்றத்திலும் கிடைக்கவில்லை. அலாய் வீல் வாங்கினால் உள்பக்கம் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகளைத் தேடுங்கள். முதலாவது ஜப்பானிய வீல் தரம். இரண்டாவது, வெளி அமைப்பு ஒன்று அதைச் சோதித்துப் பதிவு செய்ததற்கான அடையாளம். பெயரும் வடிவமும் போலியாகச் செய்த வீல் குழியில் இறங்கும்போது விரிசல் விடும், அப்போது உள்ளே இருப்பவரின் உயிர்தான் பணயம். ஒயரிங்கை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். ஸ்டீரியோவோ மீட்டரோ எதுவானாலும், அந்தக் காருக்கான சாக்கெட் அடாப்டர் வைத்து மாட்டுங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பெயர் எழுதிப் பெட்டியில் போடுங்கள். எப்போதோ ஒருநாள் உங்கள் காருக்கோ அடுத்தவர் காருக்கோ அது வேண்டியிருக்கும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவரையும், டர்போ இல்லாத சின்ன இன்ஜின் வைத்திருப்பவரையும் ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் நம் கூட்டத்தில் இருக்கிறது. எனக்கு இது வருத்தம் தருகிறது. 660 சிசிக்குள் இன்ஜின் இருக்க வேண்டும் என்ற, ஜப்பானின் சின்னக் கார்களுக்கான கெய் விதிக்குள் அடங்கி, ஹோண்டா பீட், சுஸுகி கப்புச்சினோ போன்ற அசல் ஸ்போர்ட்ஸ் கார்களையே செய்தார்கள். அவற்றில் ஒன்றைக் கையில் கிரீஸோடு பராமரிப்பவர், ஷோரூமில் தூசி படியாமல் ஜிடி-ஆரை மூடி வைத்திருப்பவருக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை. பழக்கமில்லாத இன்ஜினைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுத்தந்தவர்கள் இப்படிப்பட்ட சின்னக் கார்களை வைத்திருந்தவர்கள்தான்.

கடைசியாகப் பாகங்களைப் பற்றி. நிறுவனங்களே இப்போது பழைய கார்களுக்குப் பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கியிருக்கின்றன. 2017-இல் மாஸ்டா முதல் தலைமுறை ரோட்ஸ்டரைப் புதுப்பிக்கும் திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டு நிஸான் ஆர்32 ஜிடி-ஆருக்குப் பாகங்களைத் திரும்பக் கொண்டுவந்தது. டொயோட்டா 2020-இல் சுப்ராவில் தொடங்கியது. வாங்குபவர் இருந்தால்தான் இது தொடரும். ஆகவே நகல் பாகம் பாதி விலைக்குக் கிடைத்தாலும், ஒரிஜினல் இன்னும் தயாரிப்பில் இருக்கும்வரை நான் அதையே வாங்குகிறேன். எதை முதலில் வாங்கி வைப்பது என்று கேட்டால், கதவு, கண்ணாடி ரப்பர்கள், கூலிங் குழாய்கள், கிளட்ச் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்கள், விளக்குக் கண்ணாடிகள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்கள். இன்ஜினை எப்படியாவது தேடிப் பிடித்துவிடலாம். அந்த மாடலுக்கு மட்டுமே செய்த கதவு ரப்பர் ஒருமுறை நின்றுபோனால் அப்புறம் கிடைப்பது கடினம்.